சுவரொட்டியும் சான்றே

பொன்னேரியிலிருந்து ஏலகிரி மலைக்கு ஏறும் பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. அவற்றிற்குத் தமிழ்ப் புலவர்களின் பெயர்களும் கடையெழு வள்ளல்களின் பெயர்களும் சூட்டப்பெற்றுள்ளன. பேருந்தில் மலையேறும் ஒருவர், பாடியோரையும் பாடப்பெற்றோரையும் ஒருசேரக் கடந்து மேலே செல்கிறார். மலையடிவாரத்திலோ சோலையார்பேட்டை, திருப்பத்தூர், வாணியம்பாடி, ஆம்பூர் என நீளும் ஊர்களின் சுவர்களில் வேறொரு வரலாறு ஒவ்வொரு வாரமும் ஒட்டப்பட்டு, அடுத்த வாரம் அதன்மேல் மற்றொன்று ஒட்டப்பட்டு, மழையில் நனைந்து, ஆடு மாடுகளுக்கு இரையாகி மறைந்துவந்துள்ளது. திரைப்படச் சுவரொட்டியையே குறிப்பிடுகிறேன். மலைமேல் உள்ள பெயர்ப்பலகையை நின்று படிக்கும் நாம், அடிவாரத்துச் சுவரொட்டியைப் படிக்கத்தக்க ஒன்றாகக் கருதியதில்லை.

தமிழாசிரியர் ஒருத்தி இலக்கிய வட்டத்தின் பத்தாண்டு நிறைவு மலரில் சுவரொட்டியைப் பற்றி எழுதலாமா என்று அன்பர் சிலர் வினவக்கூடும். அவ்வினா எனக்குள்ளும் நெடுநாள் இருந்தது. நான் பள்ளியில் படித்த காலத்தில் எங்கள் பாடநூல்களுக்கு அட்டை போடப் பழைய சினிமாச் சுவரொட்டிகளே பயன்பட்டன. தாள் தடிப்பாக இருக்கும், நெடுநாள் உழைக்கும். ஆனால் ஆசிரியர் கண்ணில் படாதவாறு படத்தை உட்புறமாக மடித்து, வெள்ளைப் பக்கத்தை வெளியே காட்டி அட்டை போடுவோம். படித்தோர் உலகம் சுவரொட்டியை நடத்திய முறைக்கு இதைவிடப் பொருத்தமான சான்று வேண்டியதில்லை. பயன்படுத்திக்கொண்டோம், முகத்தை மட்டும் மறைத்து வைத்தோம். அவ்வாறு மறைத்ததால் நாம் இழந்தது என்ன என்பதைக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கல்லும் தாளும்

நம் பகுதி நடுகற்கள் நிறைந்த பகுதி. ஆம்பூரில் கிடைத்த நடுகற்கள் பல்லவன் நிருபதுங்கவர்மன் காலத்தில், அதாவது கி.பி. 9-ஆம் நூற்றாண்டில், ஆநிரைப் பூசலில் உயிர் துறந்த வீரர்களைப் பற்றிக் கூறுகின்றன. நடுகல்லில் மூன்று கூறுகள் உண்டு: வீரனின் உருவம், அவன் பெயர், அவன் செய்த செயல். ஊருக்குப் புறத்தே வழிப்போவோர் காணுமாறு அது நிறுத்தப்பட்டது. சுவரொட்டியிலும் உருவம், பெயர், செயல் ஆகிய மூன்றும் உண்டு. அதுவும் வழிப்போவோர்க்காகவே வைக்கப்படுகிறது. இதனால் நடுகல்லிலிருந்து சுவரொட்டி தோன்றிற்று என்று கூறுதல் பொருந்தாது. ஒப்புமையைக் காட்டிலும் வேற்றுமையே ஈண்டுக் கருதத்தக்கது. கல் ஆயிரம் ஆண்டு நின்றது. ஆகவே அவ்வீரர்களை நாம் அறிகிறோம். தாள் ஒரு வாரம் நின்றது. ஆகவே நூறாண்டுக்கு முன் வாழ்ந்த நம் ஊர்க்காரர் ஒருவரின் பணியை முழுமையாக அறிய இயலாமல் தவிக்கிறோம்.

வேலூர் தந்த முன்னோடி

அந்த ஊர்க்காரர் ஆர். நடராஜ முதலியார். 1885-இல் வேலூரில் பிறந்தவர். சென்னையில் மோட்டார் வாகன உதிரிப் பாகங்கள் விற்கும் வணிகம் செய்துவந்தவர், சலனப் படத்தின்மீது கொண்ட காதலால் பூனாவில் ஸ்டூவர்ட் ஸ்மித் என்ற ஆங்கிலேய ஒளிப்பதிவாளரிடம் படப்பிடிப்புக் கலையைக் கற்றார். பின்னர்ச் சென்னை மில்லர்ஸ் சாலையில் ஒரு படப்பிடிப்பு நிலையத்தை அமைத்து 'கீசக வதம்' என்ற மௌனப் படத்தை எடுத்தார். தென்னிந்தியாவில் உருவான முதல் கதைப்படம் அதுவே. தொடர்ந்து 'திரௌபதி வஸ்திராபகரணம்' முதலான புராணக் கதைப் படங்களைத் தந்தார். தீ விபத்தும் மகனை இழந்த துயரமும் சேர்ந்து, 1923-ஆம் ஆண்டளவில் அவரைப் படத்தொழிலிலிருந்து விலகச் செய்தன.

அவர் எடுத்த படங்களுள் ஒன்றன் படச்சுருள்கூட இன்று இல்லை. அது மட்டுமன்று. 'கீசக வதம்' வெளிவந்த ஆண்டு எது என்பதிலேயே ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. 1916 என்பார் சிலர். 1917 என்பார் சிலர். 1918 என்பார் சிலர். படம் வெளியான நாளில் கொட்டகை வாயிலில் ஒட்டப்பட்ட தேதியிட்ட தாள் ஒன்று, ஒரே ஒரு துண்டு விளம்பரம், யாரேனும் ஒருவர் வீட்டுப் பெட்டியில் எஞ்சியிருந்தால் இவ்விவாதத்திற்கு இடமே இருந்திராது. நிருபதுங்கனின் ஆட்சியாண்டைச் சொல்ல நமக்குக் கல்வெட்டு இருக்கிறது. தமிழகத்தின் முதல் திரைப்படத்தின் ஆண்டைச் சொல்ல ஒரு தாள் இல்லை.

தென்னிந்திய மௌனப் படங்களுள் இன்று காணக் கிடைப்பது 1933-இல் வெளிவந்த 'மார்த்தாண்ட வர்மா' ஒன்றே என்பர். முதல் தமிழ்ப் பேசும் படமாகிய 'காளிதாஸ்' 1931 அக்டோபர் 31 அன்று வெளிவந்தது. அதன் படச்சுருளும் அழிந்தது. தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் பூனாவில் தோன்றியதே 1964-இல்தான். அதற்குள் பெரும்பாலானவை போய்விட்டன. எனவே அக்காலத் திரைப்படத்தைப் பற்றி நாம் அறிவதெல்லாம் செய்தித்தாள் விளம்பரம், பாட்டுப் புத்தகம், ஒளிப்படம், துண்டு விளம்பரம் ஆகியவற்றால் அறிவதேயாகும். படம் போனபின் தாளே படத்தின் வரலாறாகிறது.

அச்சுக்கல்லில் பிறந்த கலை

1895-இல் பாரிசில் லூமியேர் சகோதரர்கள் தம் சலனப் படங்களை மக்களுக்குக் காட்டினர். விரைவிலேயே அவர்களுடைய காட்சிக்கு வண்ணச் சுவரொட்டிகள் எழுந்தன. 1896 ஜூலை 7 அன்று பம்பாயில் வாட்சன் ஓட்டலில் அவர்களுடைய படங்கள் திரையிடப்பட்டன. இந்தியாவில் வண்ணப்படத்தை மக்கள் கைக்குக் கொண்டுவந்தது ராஜா ரவிவர்மா 1894-இல் நிறுவிய கல்லச்சுக் கூடம். அக்கூடத்தில் பணிபுரிந்த தாதா சாகேப் பால்கேதான் 1913-இல் 'ராஜா ஹரிச்சந்திரா' படத்தைத் தந்தார் என்பது எண்ணத்தக்கது. இந்தியத் திரைப்படச் சுவரொட்டிகளுள் எஞ்சியிருக்கும் மிகப் பழையது 1924-இல் வெளிவந்த 'கல்யாண் கஜினா' படத்திற்குரியது என்பர். அதன் இயக்குநர் பாபுராவ் பெயிண்டர், பெயருக்கேற்ப ஓவியரே. பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற எம்.எப். உசேனும் இளமையில் பம்பாயில் சினிமாப் பலகைகள் தீட்டி வயிறு வளர்த்தவரே.

கல்லச்சு முறையில் வழுவழுப்பான சுண்ணாம்புக் கல்மீது எண்ணெய்ப் பசையுள்ள மையால் ஓவியர் படத்தை வரைவார். கல்லை நீரால் நனைத்து மை உருளையை உருட்டினால், வரைந்த இடத்தில் மை பற்றும். வரையாத இடத்தில் பற்றாது. ஒவ்வொரு வண்ணத்திற்கும் தனித்தனிக் கல். மை உருட்டும் உருளைகளுக்குக் கன்றின் தோலைப் போர்த்தியிருப்பர். தோல் பதனிடுவதையே வாழ்வாகக் கொண்ட நம் பாலாற்றங்கரை மக்கள், ஊர்ச் சுவரில் கண்ட வண்ணப்படத்திற்குப் பின்னும் ஒரு தோல் வினைஞனின் உழைப்பு இருந்ததை அறிந்திருந்தார்களோ இல்லையோ, உண்மை அதுதான். கல்லுக்குப் பின் துத்தநாகத் தகடும், அதன்பின் ஆப்செட் முறையும் வந்தன. தீப்பெட்டி ஒட்டுத் தாளுக்காக வளர்ந்த சிவகாசி அச்சகங்கள், நாட்காட்டியோடு சினிமாச் சுவரொட்டியையும் தமிழகம் முழுமைக்கும் அச்சிட்டு அனுப்பின.

தமிழ்நாட்டில் சினிமா முதலில் ஊர் ஊராகச் சென்ற கூடாரக் காட்சியாகவே பரவியது. 1905-இல் சாமிக்கண்ணு வின்சென்ட், பிரெஞ்சுக்காரர் ஒருவரிடம் படக்கருவி வாங்கி ஊர்தோறும் படம் காட்டத் தொடங்கினார். தமுக்கு அடித்துக்கொண்டு வண்டியில் சென்று துண்டு விளம்பரம் வீசுவதும், மூங்கில் தட்டியில் தாள் ஒட்டித் தேநீர்க் கடை வாயிலில் சாத்துவதும் டூரிங் டாக்கீசு காலத்தின் வழக்கங்கள். மைதா மாவைக் காய்ச்சிப் பூச்சி அரிக்காதிருக்க மயில்துத்தம் கலந்த பசை வாளியோடு இரவில் மிதிவண்டியில் வரும் சுவரொட்டி ஒட்டுநரை அறியாத ஊர் இல்லை. அவர் பெயரை அறிந்த ஊர்தான் இல்லை.

எதைப் படிப்பது?

சுவரொட்டியை வெறும் படமாகக் காணாமல் ஏடாகப் படித்தால் அது பலவற்றைச் சொல்லும். முதலாவது, எழுத்து. 1978-இல் தமிழ்நாடு அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தில் ஒரு பகுதியை ஏற்று ஆணை பிறப்பித்தது. அதற்கு முன் 'லை', 'னை', 'ணை' போன்றவை துதிக்கை போன்ற வளைவோடு எழுதப்பட்டன. தேதியில்லாத ஒரு சுவரொட்டியின் காலத்தை மதிப்பிட அவ்வளைவு உதவும். பழைய வடிவத்தைப் பழக்கத்தால் பின்னும் எழுதிய ஓவியர் உண்டாகையால் சற்று எச்சரிக்கையும் வேண்டும். கல்வெட்டாய்வாளர் எழுத்தமைதி கொண்டு காலம் கணிப்பது போன்றதே இது. படத்தின் பெயரை எரிவதுபோலவும், உடைவதுபோலவும், கொடிபோல் படர்வதுபோலவும் தீட்டிய ஓவியர்கள், தமிழெழுத்துக்கு ஏட்டிலும் அச்சிலும் இல்லாத வடிவங்களைத் தந்தனர். எழுத்தியல் கற்பிக்கும் நாம் அவற்றைத் தொகுத்து ஆராய்ந்தோமில்லை.

இரண்டாவது, பெயர்களின் வரிசை. எவர் பெயர் பெரிதாக இருக்கிறது என்பதே ஒரு வரலாறு. 1949-இல் அறிஞர் அண்ணாவின் 'வேலைக்காரி', 1952-இல் கலைஞர் மு. கருணாநிதியின் வசனத்தில் 'பராசக்தி' ஆகியவை வந்தபின், எழுத்தாளர் பெயரும் மக்களைக் கொட்டகைக்கு ஈர்க்கும் ஆற்றல் பெற்றது. உரைநடை ஆசிரியர் பெயர் தெருச்சுவரில் நடிகர் பெயரோடு நின்ற காலம் அது. அதனை இலக்கிய வரலாற்றின் பகுதியாகக் கொள்ளாமல் வேறு எதன் பகுதியாகக் கொள்வது?

மூன்றாவது, வணிகமும் அரசியலும். 1948-இல் எஸ்.எஸ். வாசனின் 'சந்திரலேகா' இந்தியா முழுவதும் செய்த விளம்பரம், தென்னாட்டுப் படத்தை வடநாட்டிற்குக் கொண்டு சென்றது. 1957-இல் 'வணங்காமுடி' படத்திற்காகச் சென்னையில் நிறுத்தப்பட்ட சிவாஜி கணேசனின் மாபெரும் கட்-அவுட் பேரளவில் பேசப்பட்டது. பின்னர் அவ்வடிவத்தை அரசியல் மேடைகள் கடன் வாங்கிக்கொண்டன. சிறிய ஒளிப்படத்தின்மீது கட்டம் போட்டு, அதே கட்டங்களைப் பெருந்துணியில் பெருக்கி, முகத்தில் இளஞ்சிவப்பும் பச்சையும் நீலமும் துணிந்து தீட்டிய பேனர் ஓவியர்கள் தம் கலையைக் கல்லூரியில் கற்றவர் அல்லர். பெரும்பாலோர் ஆசானிடம் வண்ணம் கரைத்துக் கற்றவர். 2000-க்குப் பின் பிளெக்ஸ் அச்சு வந்தபோது சில ஆண்டுகளுக்குள் அத்தொழில் குலைந்தது. அவர்கள் தீட்டிய துணிகளோ அடுத்த படத்திற்காக வெள்ளை பூசப்பட்டு மறைந்தவை. ஆகவே அக்கலைக்கு ஒளிப்படங்களேயன்றி மூலங்கள் அரிதாகிவிட்டன.

காத்தவர்கள்

இத்தகைய அழிவுக்கிடையே சிலர் காத்தனர். கோட்டையூர் ரோஜா முத்தையா பெயர்ப்பலகை ஓவியராக வாழ்ந்தவர். நூல்களோடு நாடகத் துண்டு விளம்பரம், பாட்டுப் புத்தகம், அழைப்பிதழ் முதலியவற்றையும் அவர் தொகுத்தார். 1992-இல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பை வாங்கியது. அது சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக நிற்கிறது. பிலிம் நியூஸ் ஆனந்தன் படங்களின் ஒளிப்படங்களையும் விவரங்களையும் வாழ்நாள் முழுவதும் சேர்த்து, 2004-இல் பெரும் நூலாகத் தந்தார். அவர் தொகுப்பைத் தமிழ்நாடு அரசு பெற்றுக்கொண்டது. தியடோர் பாஸ்கரன் 1981-இல் வெளியிட்ட ஆங்கில நூல், நாடகத்தையும் திரைப்படத்தையும் விடுதலைப் போராட்ட வரலாற்றின் சான்றுகளாகக் கொள்ளலாம் என்று காட்டியது.

ஆவணப்படத்திற்கும் இதே கதைதான். ஏ.கே. செட்டியார் உலகெங்கும் அலைந்து காந்தியடிகளைப் பற்றிய படத்துண்டுகளைத் திரட்டி, 1940-இல் தமிழில் ஆவணப்படம் ஆக்கினார். அத்துணைப் பெரும் முயற்சியின் தமிழ் வடிவம் பின்னர்க் கிடைக்காமல் போயிற்று; நெடுங்காலத்திற்குப்பின் ஆங்கிலத்தில் சுருக்கப்பட்ட வடிவமே அமெரிக்காவில் கிட்டியது. படம் மறைந்திருந்த காலத்தில் அதன் நினைவைக் காத்தவை, அவர் எழுதிய கட்டுரைகளே.

நாம் செய்யத்தக்கது

சுவரொட்டியின் குறைகளை நான் அறியாதவள் அல்லேன். பிறர் சுவரை அது கேட்காமல் பற்றிக்கொள்கிறது. பெண்ணை இழிவாகக் காட்டிய சுவரொட்டிகள் மிகப் பல. அவற்றைப் போற்ற வேண்டும் என்று நான் கூறவில்லை. இழிவு செய்த காலத்திற்கும் சான்று வேண்டும் என்றே கூறுகிறேன்.

அச்சிட்ட நூலைப் பொதுநூலகங்களுக்கு அனுப்ப வேண்டும் என்று 1954-ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. கன்னிமாரா நூலகம் அவ்வாறு பெறுகிறது. சுவரொட்டிக்கு அத்தகைய அரண் இல்லை. இன்று புதுப்படத்தின் முதல் விளம்பரம் கைப்பேசித் திரையில் தோன்றி மறைகிறது. அதைக் கிழிக்கவும் எவரும் வேண்டியதில்லை. எனவே காக்கும் கடமை ஊர்தோறும் உள்ள நம்மைப் போன்ற அமைப்புகளைச் சார்கிறது.

இவ்வட்டம் அடுத்த பத்தாண்டில் ஒரு சிறு பணியை மேற்கொள்ளுமாறு வேண்டுகிறேன். நம் ஊர்களில் மூடப்பட்ட கொட்டகைகளின் உரிமையாளர் வீடுகளிலும், பழைய அச்சகங்களிலும், பேனர் ஓவியர் இல்லங்களிலும் எஞ்சியுள்ள தாள்களைக் கேட்டுப் பெறுவோம். ஒவ்வொன்றன் பின்புறத்திலும் ஊர், கொட்டகை, ஆண்டு, கொடுத்தவர் பெயர் ஆகியவற்றைப் பென்சிலால் குறிப்போம். மடிக்காமல் தட்டையாக வைப்போம். உருது, தெலுங்குச் சுவரொட்டிகளையும் விலக்காது சேர்ப்போம். பாலாற்றங்கரை ஒரு மொழியினருக்கு மட்டும் உரியதன்று.

ஏட்டுச் சுவடிகளைத் தேடி ஊர் ஊராகச் சென்ற உ.வே. சாமிநாதையர் பரம்பரையில் வந்தவர் என்று நம்மைக் கூறிக்கொள்கிறோம். அவர் சென்ற காலத்தில் சுவடியும் பலருக்குக் குப்பையாகவே தோன்றிற்று. என் பள்ளிப் பாடநூல்கள் எப்போதோ பழைய தாள் கடைக்குப் போய்விட்டன. அவற்றின் அட்டையைப் பிரித்து, உட்புறம் என்ன படம் இருந்தது என்று பார்க்க இன்று எனக்கு வழியில்லை. நம் வீடுகளில் இன்னும் பிரிக்கப்படாத அட்டைகள் இருக்கக்கூடும். அவற்றைப் பிரித்துப் பார்க்கும் பணியை இவ்வட்டம் தொடங்குக, வளர்க.