இருட்டறை மூடிய பிறகு

ஃபிலிமில் படம் எடுப்பவர்களின் வட்டம் ஏன் சுருங்கியது என்று கேட்டால் எல்லோரிடமும் ஒரே பதில்தான் வரும்: டிஜிட்டல் கேமரா வந்தது, ஃபிலிம் போனது. கேட்பதற்குச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆண்டுகளை வரிசையாக அடுக்கிப் பார்த்தால் கணக்கு இடிக்கிறது. நாட்டுக்கே ஃபிலிம் தயாரித்துக் கொடுத்த உதகமண்டலம் இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் நிறுவனம் 1996-லேயே நலிவுற்ற ஆலையாக அறிவிக்கப்பட்டுவிட்டது. அப்போது தமிழ்நாட்டில் டிஜிட்டல் கேமராவைக் கண்ணால் பார்த்தவர்களே குறைவு. தெருவுக்குத் தெரு கலர் லேப் நடந்துகொண்டிருந்த காலம் அது. கல்யாண ஆல்பங்கள் முழுக்க ஃபிலிமில்தான் வந்தன. ஃபிலிம் அமோகமாக விற்ற அதே ஆண்டுகளில்தான், தானே படம் எடுத்து, தானே கழுவி, தானே பிரிண்ட் போட்ட பொழுதுபோக்குக் கலைஞர்கள் அருகிப் போனார்கள். ஆகவே அந்த வட்டத்தை டிஜிட்டல் உடைத்தது என்பது பாதி உண்மைதான். இருட்டறை வேலை மனிதர்களின் கையைவிட்டு இயந்திரத்துக்குப் போன நாளிலேயே அது உள்ளுக்குள் இற்றுவிட்டது. டிஜிட்டல் வந்து செய்தது கடைசித் தட்டு மட்டும்.

இந்த வட்டங்கள் எதற்காகத் தோன்றின என்பதைப் பார்த்தால் இது விளங்கும். 1839-ல் புகைப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்ட இருபது ஆண்டுகளுக்குள் பம்பாய், கல்கத்தா, சென்னை மூன்றிலும் புகைப்படச் சங்கங்கள் எழுந்துவிட்டன. சென்னைச் சங்கத்துக்கு வித்திட்டவர் டாக்டர் அலெக்சாண்டர் ஹண்டர்; 1850-ல் சென்னையில் ஓவியப் பள்ளியைத் தொடங்கியவரும் அவரே. அந்தக் காலத்தில் கடைக்குப் போய் ஃபிலிம் வாங்க முடியாது. தாளில் மெழுகு ஏற்றுவது, வெள்ளி உப்பு பூசுவது, உருவைத் துலக்குவது எல்லாம் படம் எடுப்பவரின் வேலை. 1851-ல் ஃபிரெடெரிக் ஸ்காட் ஆர்ச்சர் வெளியிட்ட ஈரக் கண்ணாடித் தட்டு முறையில், பூச்சு காய்வதற்குள் படம் எடுத்துத் துலக்கிவிட வேண்டும். நம் ஊர் வெயிலில் அது எத்தனை நிமிடம் தாங்கும்? அரசுப் புகைப்படக்காரராக இருந்த லினேயஸ் டிரைப், முன்கூட்டியே தயாரித்து எடுத்துப் போகக்கூடிய மெழுகுத் தாளோடு மதுரை, தஞ்சை, திருச்சி என்று அலைந்தார். 1858-ல் தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டை அவர் 21 படங்களாக எடுத்து ஒட்டி, 19 அடிக்கும் மேல் நீளமான ஒரே படமாக்கினார். குளிர் நாட்டில் எழுதிய செய்முறை இங்கே அப்படியே பலிக்காது. அளவைக் கூட்டிக் குறைத்து, கெடுத்து, மறுபடி செய்து கண்டதை அடுத்தவரிடம் சொல்லியாக வேண்டும். ஒருவர் தயவு இன்னொருவருக்குத் தேவைப்பட்டதால்தான் சங்கம் பிறந்தது.

1888-ல் ஜார்ஜ் ஈஸ்ட்மன் கோடாக் கேமராவைக் கொண்டுவந்தபோது இந்தத் தேவை முதல் முறையாக இரண்டாகப் பிளந்தது. நூறு படம் எடுக்கும் சுருளை உள்ளே வைத்து விற்றார்கள். எடுத்து முடித்ததும் கேமராவையே அவரது ராச்செஸ்டர் ஆலைக்கு அனுப்பினால், படங்களும் புதுச் சுருள் போட்ட கேமராவும் திரும்பி வரும். விசையை அழுத்துபவர் ஒருவர், படத்தை உருவாக்குபவர் வேறொருவர் என்றாகியது. ஆனாலும் கறுப்பு-வெள்ளை ஃபிலிம் இருந்தவரை, விரும்பியவர் இரண்டு வேலையையும் தானே செய்துகொள்ள வழி திறந்தே இருந்தது. ஃபிலிமில் உருவைத் துலக்கும் ரசாயனக் கலவையான கோடாக்கின் டி-76 டெவலப்பர் இதற்கு நல்ல சாட்சி. அதன் சேர்மானம் ரகசியமே இல்லை. ஒரு லிட்டருக்கு மெட்டால் 2 கிராம், சோடியம் சல்ஃபைட் 100 கிராம், ஹைட்ரோகுவினோன் 5 கிராம், போராக்ஸ் 2 கிராம். 50 டிகிரிச் சூட்டில் முக்கால் லிட்டர் தண்ணீரில் முதலில் ஒரு சிட்டிகை சல்ஃபைட்டும், பிறகு மெட்டாலும் கரைய வேண்டும். சல்ஃபைட் முழுவதையும் முதலிலேயே கொட்டிவிட்டால் மெட்டால் கரைய மறுக்கும். அது கரைந்த பிறகே மிச்சச் சல்ஃபைட், ஹைட்ரோகுவினோன், போராக்ஸ். தராசு இருந்தால் போதும், வீட்டுச் சமையலறையிலேயே தயாரித்துவிடலாம். கழுவ வேண்டிய வெப்பநிலைதான் நமக்குச் சிக்கல். செய்முறை 20 டிகிரி என்று சொல்லும்; சித்திரை மாதத்துக் குழாய்த் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டும். சூடு ஏறினால் ஃபிலிமின் ஜெலட்டின் ஊதி இளகிவிடும். ஐஸ் கட்டி சூழ்ந்த தட்டில் டெவலப்பரை வைப்பது, பின்னிரவில் கழுவுவது, ஊதாமல் தடுக்கச் சோடியம் சல்பேட் சேர்ப்பது என்று வெப்ப நாட்டுக்கென்றே கைப்பக்குவங்கள் இருந்தன. புத்தகத்தில் ஒரு வரியாக இருப்பது கைக்கு வருவதற்கு, பக்கத்தில் நின்று பார்க்க ஒருவர் வேண்டும்.

இருபதாம் நூற்றாண்டின் புகைப்படச் சங்கங்கள் இந்தத் தேவையின் மேல்தான் நின்றன. 1953-ல் இந்தியப் புகைப்படக் கூட்டமைப்பு உருவானது. 1971-ல் பெங்களூருவில் யூத் ஃபோட்டோகிராஃபிக் சொசைட்டி தொடங்கியது. போட்டிக்கு வந்த பிரிண்ட்டைப் பார்க்கும் கண், எடுத்தவரின் பார்வையோடு அதைப் பிரிண்ட் போட்ட கையையும் சேர்த்தே எடைபோட்டது. எந்த இடத்தில் ஒளியைக் கூடுதலாக விட்டார், எங்கே கையால் மறைத்தார் என்பதெல்லாம் அந்தத் தாளில் தெரியும். தஞ்சாவூரில் பிறந்து பெங்களூருவில் வாழ்ந்த காட்டுயிர்ப் புகைப்படக் கலைஞர் டி. என். ஏ. பெருமாள், கூட்டமைப்பை உருவாக்கியவர்களில் ஒருவரான ஓ. சி. எட்வர்ட்ஸிடம் கற்றவர். சென்னையில் மா. கிருஷ்ணன் பல கேமராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தனக்கென ஒரு கருவியை அமைத்து, ‘சூப்பர் பாண்டெரோசா’ என்று அதற்குப் பெயரும் வைத்து, யானைகளைக் கறுப்பு-வெள்ளையில் எடுத்தார். கருவியும் ரசாயனமும் மர்மப் பொருள்களாக இல்லாமல், பிரித்துப் பார்க்கக்கூடியவையாக இருந்த உலகம் அது.

அந்த உலகத்தைக் கலைத்தது வண்ணம். 1935-ல் வந்த கோடாக்ரோமைக் கண்டுபிடித்த லியோபோல்ட் மேன்ஸ், லியோபோல்ட் கோடவ்ஸ்கி இருவருமே இசைக்கலைஞர்கள். புகைப்பட ரசாயனத்தில் ஆர்வத்தால் இறங்கியவர்கள். ஆனால் அவர்கள் தந்த ஃபிலிமை இன்னொரு ஆர்வலர் வீட்டில் கழுவ முடியாது. வண்ணச் சாயம் ஃபிலிமில் இல்லை, கழுவும்போதுதான் ஒவ்வொரு அடுக்காக ஏற்ற வேண்டும். அதற்கு ஓர் ஆலையே தேவைப்பட்டது. 1972-ல் வந்த சி-41 முறை இதைவிட எளிது என்றாலும், டெவலப்பர் 37.8 டிகிரியில் பின்னப் புள்ளி மாறாமல் நிற்க வேண்டும், 3 நிமிடம் 15 விநாடியில் முடிய வேண்டும். இயந்திரத்துக்கு ஏற்ற வேலை அது. 1970களின் பிற்பகுதியில் ஜப்பானின் நோரிட்சு போன்ற நிறுவனங்கள் கடைக்குள் அடங்கும் சிறு லேப் இயந்திரங்களைக் கொண்டுவந்தன. நம் ஊர்களிலும் அவை பரவியபோது, ரோலைக் கொடுத்தால் சிறிது நேரத்தில் உறை நிறையப் படங்கள் கைக்கு வந்தன. வசதிதான், யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் அதன்பின் ஒரு ஆர்வலர் இன்னொருவரிடம் கேட்பதற்கு என்ன மிச்சம்? எந்த லென்ஸ், எந்த ரோல், எந்த லேப். எல்லாமே வாங்குவது பற்றிய கேள்விகள். அவற்றுக்குக் கடைக்காரரே பதில் சொல்லிவிடுவார். ஒரு சங்கம் கூடிப் பேசத் தேவையில்லை.

இங்கே ஒரு மறுப்பு எழும். கறுப்பு-வெள்ளைதான் கையில் தங்கும் கலை என்றால், கறுப்பு-வெள்ளையையே நம்பி நின்ற உதகை ஆலை ஏன் விழுந்தது? நியாயமான கேள்வி. மலையின் குளிரும் தூசியற்ற காற்றும் தோதாக இருந்த உதகையில், 1960-ல் பொதுத்துறை நிறுவனமாக அது அமைந்தது. பிரான்சின் பூஷே நிறுவனத்தின் நுட்பத்தோடு 1967-ல் உற்பத்தி தொடங்கியது. ‘இந்து’ என்ற பெயரில் சினிமா பிரதி ஃபிலிம், ரோல் ஃபிலிம், புரோமைடு தாள், எக்ஸ்ரே ஃபிலிம், அச்சகங்களுக்கான ஃபிலிம் எல்லாம் வெளிவந்தன. அதன் பெரிய வாடிக்கையாளர்கள் திரையரங்குகளும் மருத்துவமனைகளும் அச்சகங்களும் ஸ்டூடியோக்களும்தான். ஆர்வலர்கள் அந்தப் பட்டியலின் கடைசியில் இருந்தார்கள். சினிமா வண்ணத்துக்கு மாறியது; ஸ்டூடியோக்களும் மாறின. பாலியெஸ்டர் எக்ஸ்ரே ஃபிலிமுக்காக அமெரிக்காவின் டூபாண்ட் நுட்பத்தோடு எழுப்பிய புதிய ஆலை கடன் சுமையை ஏற்றியது. 1991-க்குப் பின் இறக்குமதி ஃபிலிமோடு நேருக்கு நேர் மோத வேண்டிவந்தது. 1996-ல் நலிவு அறிவிப்பு, 2003-ல் கலைக்கப் பரிந்துரை, பிறகு எஞ்சிய தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வு என்று அது அடங்கியது. பேரளவு விற்பனையை மட்டுமே நம்பிய ஆலை, அந்த விற்பனை போனதும் நிற்க இடமின்றிப் போயிற்று.

இங்கிலாந்தின் இல்ஃபோர்டு நிறுவனத்தை இதோடு வைத்துப் பார்க்கலாம். 2004-ல் அதுவும் திவாலின் விளிம்புக்குப் போனது. 2005-ல் அதன் மேலாளர்களே அதை வாங்கி, ஹார்மன் டெக்னாலஜி என்ற பெயரில், கறுப்பு-வெள்ளை ஃபிலிம், தாள், ரசாயனம் என்று இருட்டறைக்காரர்களை மட்டுமே நம்பிச் சிறிதாக நடத்தினார்கள். இன்றும் அது நடக்கிறது. அதே 2005-ல், வண்ண ஃபிலிம் பெருவணிகத்தில் இருந்த அக்ஃபா ஃபோட்டோ திவாலானது. கோடாக்ரோமின் முடிவு இன்னும் கறாரானது: 2009-ல் உற்பத்தி நின்றது, அதைக் கழுவிய உலகின் கடைசி லேபான கான்சாஸ் மாநில டுவைன்ஸ் ஃபோட்டோ 2010 டிசம்பர் 30-க்குப் பின் சுருள்களை வாங்கவில்லை. அந்தத் தேதிக்குப் பிறகு கையில் ரோல் வைத்திருந்தவருக்கு வண்ணப்படம் பெற வழியே இல்லை. டி-76-க்கு அப்படி ஒரு கடைசித் தேதி வர முடியாது. எந்த நிறுவனம் மூடினாலும் நான்கு பொடிகளும் ஒரு தராசும் கிடைக்கும் இடத்தில் அது உயிரோடு இருக்கும்.

டிஜிட்டலைக் குறை சொல்வது இந்த வாதத்தின் நோக்கமில்லை. ரோலுக்கும் பிரிண்ட்டுக்கும் காசில்லாதவர் கையிலும் அது கேமராவைக் கொடுத்தது. வெள்ளியை மிச்சப்படுத்தியது, ரசாயனக் கழிவைக் குறைத்தது. பழைய சங்கங்களே அதை ஏற்று இன்று இயங்குகின்றன. அதெல்லாம் மறுக்க முடியாத நன்மைகள். ஆனால் அந்த நன்மை பழைய அறிவைத் தேவையற்றதாக்கிவிடவில்லை. இருபதாம் நூற்றாண்டுத் தமிழரின் முகங்கள், வீதிகள், திருமணங்கள், போராட்டங்கள் எல்லாம் நெகட்டிவ்களில்தான் கிடக்கின்றன. அசிட்டேட் ஃபிலிம் வெப்பத்திலும் ஈரத்திலும் புளித்த காடி வாடை அடித்துச் சுருங்கி அழியும். எது அசிட்டேட், எது பாலியெஸ்டர், எந்தக் கறை, உருவை நிலைப்படுத்தும் ஹைப்போ சரியாகக் கழுவப்படாததால் வந்தது, எந்த முகத்தில் பென்சில் டச்சிங் இருக்கிறது என்று பார்த்தவுடன் சொல்ல, இருட்டறையில் வேலை செய்த கண் வேண்டும். ஸ்கேனர் படத்தை நகலெடுக்கும். இதையெல்லாம் அது சொல்லாது.

ஃபிலிம்தான் மறுபடி எழுகிறதே என்று இன்னொரு மறுப்பும் உண்டு. எழுகிறதுதான். 2012-ல் நிறுத்திய எக்டாக்ரோமைக் கோடாக் 2018-ல் திரும்பக் கொண்டுவந்தது. 2024-ல் பென்டாக்ஸ் 17 என்ற புதிய ஃபிலிம் கேமராவே வந்தது. மகிழ்ச்சிக்குரிய செய்திகள். ஆனால் இந்த எழுச்சியில் பெரும்பகுதி, ரோலை லேபுக்கு அனுப்பி ஸ்கேனைத் திரும்பப் பெறுவதோடு முடிகிறது. 1888-ன் அதே ஏற்பாடுதான். விலை ஏறினாலோ லேப் மூடினாலோ அது கலைந்துவிடும். தானே கழுவக் கற்றுக்கொள்ளும் இளைஞர் பத்துப் பேர் ஓர் ஊரில் இருந்தால், அங்கே பத்தாண்டு நிலைக்கும் ஒரு வட்டம் உருவாகும். வரலாறு திரும்பத் திரும்பக் காட்டுவது இதைத்தான்.

ஆகவே செய்ய வேண்டியது தெளிவு. ஹண்டர் தொடங்கிய பள்ளியின் வழியில் வந்த சென்னைக் கவின் கலைக் கல்லூரி முதல் காட்சித் தொடர்பியல் கற்பிக்கும் கல்லூரிகள் வரை, ஓர் என்லார்ஜரும் நான்கு தட்டுகளும் கொண்ட இருட்டறை ஒன்றை நடத்துவது பெரிய செலவில்லை. உதகை ஆலையில் ஃபிலிமுக்குப் பூச்சு ஏற்றியவர்களும், ஊர் ஸ்டூடியோக்களில் நெகட்டிவ் டச்சிங் செய்தவர்களும் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள், முதுமையில் இருக்கிறார்கள். அவர்களைத் தேடிப்போய்ச் செய்முறைகளைக் கேட்டு எழுதி வையுங்கள். முடிந்தால் பக்கத்தில் நின்று ஒருமுறை செய்தும் பாருங்கள். ஆலையை இனித் திறக்க முடியாது. அந்தக் கைவேலையை இன்றும் கற்றுக்கொள்ள முடியும்.