பத்திரத்தில் ஒளிந்திருக்கும் மதில்

வீடு ஒருவனுடையது, அவ்வீட்டில் யார் வாழலாம், யாருக்கு விற்கலாம் என்று கட்டளையிடும் உரிமையோ வேறொருவனுடையது! விந்தையாக இருக்கிறதா தோழர்களே? வரலாற்றைப் புரட்டுங்கள், வியப்பு அகலும்.

அன்று மன்னர்கள் வேதியருக்கு மனையும் நிலமும் ஈந்து அக்கிரகாரம் அமைத்தனர். செப்பேட்டில் பொறித்தும் தந்தனர். அத்தெருவில் உழைப்பாளியின் மகன் குடியேற முடிந்ததா? குடியேறுவது கிடக்கட்டும், நடக்கவேனும் முடிந்ததா? ஊர் ஒருபுறம், சேரி ஒருபுறம். வழக்கமே அங்கு பத்திரம். சாதியே அதன்மீது முத்திரை.

அமெரிக்காவிலோ இக்கொடுமையைத் தாளிலேயே எழுதி வைத்தனர். செயிண்ட் லூயிஸ் நகரில், 1911-இல், ஒரு தெருவின் வீட்டுக்காரர்கள் ஒப்பந்தம் செய்துகொண்டனர்: ஐம்பது ஆண்டுகளுக்கு இங்கே கறுப்பர் குடியிருக்கலாகாது! 1945-இல் ஷெல்லி எனும் கறுப்பர் குடும்பம் அங்கே வீடு வாங்கிற்று, வழக்கு மூண்டது. இத்தகைய ஒப்பந்தத்தை நிறைவேற்றித் தர நீதிமன்றம் கருவியாகாது என்று 1948-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1968-இல் வீடு விற்பதில் நிறவேற்றுமை காட்டுவதையே சட்டம் தடுத்தது.

நம் நாட்டின் நிலை என்ன? அகமதாபாத்தில் பார்சிகளின் கூட்டுறவு வீட்டுச் சங்கம் ஒன்று. பார்சியே உறுப்பினராகலாம் என்பது அதன் துணைவிதி. அவ்விதி செல்லும் என்று 2005-இல் நம் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது! சங்கம் அமைக்கும் உரிமையாம். இன்று ஒரு சிறுபான்மையினர் கேட்ட உரிமையை, நாளை ஆதிக்கச் சாதி கேட்டால் என் செய்வது?

அப்படியானால் வீட்டுக்கு விதியே கூடாதா? விடை தேட நெடுந்தூரம் செல்ல வேண்டாம். மரக்காணத்து உப்பளங்களுக்குத் தெற்கே, விழுப்புரம் மாவட்டத்து வானூர் வட்டாரத்துக்கு வருவோம்.

1968 பிப்ரவரி 28 அன்று அங்கே செம்மண் மேட்டில் ஆரோவில் தொடங்கப்பட்டது. அந்நகரின் ஆன்மிகப் பேச்சில் நமக்கு உடன்பாடில்லை. ஆயினும் அதன் வீட்டு விதி ஆராயத்தக்கது. தன் பணத்திலே கட்டினாலும் வீடு தனக்குச் சொந்தமாகாது, விற்க முடியாது, பிள்ளைக்கு எழுதிவைக்கவும் முடியாது. 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த ஆரோவில் அறக்கட்டளைக்கே சொத்து உரியது. தனியுடைமையைத் தடுக்கும் விதி. பிறப்பைக் கேட்காத விதி. நன்று! ஆனால் விதியை நடத்தும் கை யாருடையது? குடியிருப்போர்க்குப் பேரவை உண்டு. ஆட்சிக் குழுவை அமர்த்துவதோ மத்திய அரசு. 2021 டிசம்பரில் வட்டச்சாலைக்காக மண்வாரி இயந்திரங்கள் மரங்களைச் சாய்த்தபோது, குடியிருந்தோரில் பலர் எதிர்த்து நின்றனர். பசுமைத் தீர்ப்பாயம் சென்றனர். தீர்ப்பாயத்தின் ஆணையையும் 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் நீக்கிவிட்டது. சொந்தமும் இல்லை, சொல்லும் எடுபடவில்லை என்றால் வீட்டில் வாழ்பவன் எங்கே போவான்?

அதே வட்டாரத்தில் கொழுவாரி எனும் ஊர். அங்கே 2022 ஏப்ரலில் பெரியார் நினைவு சமத்துவபுரம் திறக்கப்பட்டது. கலைஞர் 1997-இல் வகுத்த திட்டம் அது. நூறு வீடுகள்: ஆதிதிராவிடர்க்கு 40, பிற்படுத்தப்பட்டோர்க்கு 25, மிகப் பிற்படுத்தப்பட்டோர்க்கு 25, ஏனையோர்க்கு 10. இதுவும் குடியிருப்புக்கு இடப்பட்ட நிபந்தனையே! செயிண்ட் லூயிசின் நிபந்தனை மனிதனை வெளியே தள்ளியது. கொழுவாரியின் நிபந்தனை சேரியையும் ஊரையும் ஒரே தெருவில் சேர்த்தது.

எனவே எவ்விதியையும் இரண்டு கேள்வி கேட்போம்: நீ யாரை வெளியே நிறுத்துகிறாய்? உன்னை எழுதியது யார்? "என்ன ஆளுங்க?" என்று கேட்டு வாடகைக்கு வீடு தரும் தெருக்கள் இன்னும் நம் நகரங்களில் உண்டு. குடியிருப்போர் சங்கங்களில் அமரப்போகும் இளைஞர்களே, துணைவிதிகளை வரி வரியாகப் படியுங்கள். செங்கல் மதில் கண்ணுக்குத் தெரியும். காகித மதிலை நாம்தான் கண்டுபிடித்துத் தகர்க்க வேண்டும்.