மேனி எழுத்தும் சுவர் எழுத்தும்

திருக்கோணமலைத் துறைமுகத்திற்குத் தெற்கே கொட்டியாரக் குடாவை அடுத்து மூதூர், ஈச்சிலம்பற்று, வெருகல் முதலிய பகுதிகள் உள்ளன. அங்கே தமிழ் பேசி வாழும் கரையோர வேடர், இலங்கையின் ஆதிக்குடிகளுள் ஒரு பிரிவினர். 1911ஆம் ஆண்டில் வேடரைப் பற்றிய பெருநூலை வெளியிட்ட செலிக்மன் தம்பதியர், அதில் கரையோர வேடருக்குத் தனி அத்தியாயமே வகுத்தனர். உள்நாட்டு வேடரின் குகைச் சித்திரங்களையும் அந்நூல் பதிவு செய்தது. வேட்டுவ மகளிர் சாம்பலைக் குழைத்து, விரலாற் பாறைச் சுவரில் மனிதரையும் விலங்கையும் எழுதினர். விலைகொடுத்து வாங்கிய வண்ணம் ஒன்றும் அவர்க்கு வேண்டியிருக்கவில்லை.

சுவருக்கு முன்னரே மனிதனுக்குக் கிடைத்த ஓவியப் பலகை அவன் மேனியே எனலாம். பழந்தமிழ் மகளிர் சந்தனக் குழம்பினால் தோளிலும் மார்பிலும் கொடியும் கரும்பும் எழுதிக்கொண்டனர். சங்க நூல்கள் அதனைத் தொய்யில் என்று கூறும். பிற்காலத்துப் பச்சை குத்தும் வழக்கிலோ, வாசலிற் போடும் புள்ளிக் கோலமே கையிலும் ஏறியது.

மேனிக் கோலம் மேனியை விட்டு வெளியேறிய வரலாறு பீகாரின் மிதிலையில் தெளிவாகக் காணப்படுகிறது. 1934ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் வீடுகள் பிளந்தபோது, ஆர்ச்சர் என்னும் ஆங்கில அதிகாரி அவற்றின் உட்சுவர்களில் மணவறை ஓவியங்களைக் கண்டு வியந்தார். 1966–67இல் வறட்சி வந்தது. அகில இந்தியக் கைவினை வாரியம் தாள்களை வழங்க, சுவர் ஓவியம் தாளுக்கு வந்து பெண்களுக்குச் சோறும் அளித்தது. முதலிற் பயனடைந்தோர் உயர்குலத்தவர். 1970களில் துசாத் என்னும் ஒடுக்கப்பட்ட குலத்துப் பெண்களும் எழுதத் தொடங்கினர். அவர்கள் கையாண்டவை தம் மேனியிற் குத்தியிருந்த கோத்னாக் கோலங்கள். சானோ தேவி அவர்களுள் புகழ்பெற்றவர். பொன் நகை சாவோடு பிரியும், பச்சை குத்திய கோலமோ உடன்வரும் என்பது அம்மக்களின் நம்பிக்கை. அணிய நகையில்லாதார்க்கு அணியாக இருந்தது, பின்னர் பிழைப்புக்கும் வழியாயிற்று.

வழிகாட்டும் மற்றொரு வரலாறு அவுஸ்திரேலியாவில் உண்டு. 1971இல் பப்புன்யா என்னும் ஊரில், ஆதிக்குடி முதியோர் தம் சடங்குகளில் உடலிலும் நிலத்திலும் எழுதிவந்த கோலங்களைப் பள்ளிக்கூடச் சுவரில் தீட்டினர். சில ஆண்டுகளில் அச்சுவர் மீது வேறு வண்ணம் பூசப்பட்டது. ஆயினும் அங்கே பிறந்த ஓவிய மரபு உலகெங்கும் பரவியது. புகழைத் தொடர்ந்து களவும் வந்தது. ஆதிக்குடி ஓவியர் எண்மரின் படைப்புகள் அவர் அனுமதியின்றி வியட்நாமிற் கம்பளங்களாக நெய்யப்பட்டன. 1994இல் கூட்டாட்சி நீதிமன்றம் 1,88,000 டாலருக்கு மேல் இழப்பீடு விதித்தது. பணநட்டத்தை மட்டும் அது கணக்கிடவில்லை. புனித வடிவம் காலடியில் மிதிபட்டதனால் ஓவியர் தம் குலத்தார் முன் அடைந்த தலைகுனிவையும் கருத்திற் கொண்டது.

நிலாவெளி, உப்புவெளிக் கடற்கரைகளில் விடுதி கட்டுவோர் ஆதிக்குடிக் கோலங்களைச் சுவரில் ஒட்ட விரும்பினால், அவ்வழக்கு ஒரு பாடமாகும். வேடரைக் கேட்டு, அவர் பெயரைச் சொல்லி, அவர்க்குரிய பங்கை அளித்து எழுதிய கோலம் சுவருக்கு அழகு. கேளாது எடுத்ததோ எத்துணை அழகாயினும் களவே. சாம்பலும் விரலுமே கொண்டு எழுதிய மகளிர்க்கும் உரிமை உண்டு.