தோட்டப் பாதைக்கும் ஆற்றங்கரைக்கும் ஒரு பழைய எஸ்யூவி: கெடாவில் வாங்குவோர் கவனிக்க வேண்டியவை

கெடாவில் கூடாரம் போட இடத்துக்குப் பஞ்சமில்லை. கூலிம் பக்கம் சுங்கை செடிம், பாலிங்கில் லாத்தா பாயு, சீக்கில் தாசேக் பெரிஸ், ஜெராய் மலையடியில் யான் வட்டாரத்துத் தித்தி ஹாயுன், வடக்கே பெடு ஏரி எனச் சுங்கை பட்டாணியிலிருந்து காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்கு முன் சேர்ந்துவிடும் இடங்களே ஏராளம். நம் குடும்பங்களுக்கு இன்னொரு பயணமும் உண்டு. தோட்டத்தை விட்டு வந்து பீடோங்கிலும் பாடாங் செராயிலும் லூனாசிலும் தாமான் வீடுகளில் குடியேறியவர்கள், ஆண்டுக்கொரு முறை தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்காகச் செம்பனைக்குள் ஓடும் செம்மண் சாலையில் போய் வருவது.

இந்த இரண்டையும் மனத்தில் வைத்துத்தான் பலர் பழைய எஸ்யூவி தேடுகிறார்கள். விலை பெரிது, கடன் நீண்டது. தவறான வண்டியை வாங்கிவிட்டால் ஐந்து, ஏழு ஆண்டுகளுக்கு மாதத் தவணையோடு பட்டறைக் கட்டணமும் சேர்ந்து குடும்பத்தை அழுத்தும்.

முதல் கேள்வி எந்த வண்டி என்பதல்ல, எந்தப் பாதை என்பது. மேலே சொன்ன இடங்கள் பெரும்பாலானவற்றுக்குத் தார்ச்சாலை இருக்கிறது. கடைசிச் சில நூறு மீட்டர்தான் கல்லும் சேறும். அதற்கு இரண்டரை டன் எடையுள்ள டீசல் வண்டி தேவையில்லை. தரையிலிருந்து 200 மில்லிமீட்டரை ஒட்டிய உயரமும் நல்ல டயரும் இருந்தால் போதும். வண்டி வாங்கப் போகிறவரிடம் இதைச் சொன்னால் பெரும்பாலும் முகம் வாடிவிடும். ஆனால் உண்மை அதுதான். மழை பெய்த மறுநாள் ஏற்றமுள்ள தோட்டச் சாலையில் போக வேண்டியவர்களுக்கும், சீக், பாலிங், பாடாங் தெராப் உட்பகுதிகளில் நிலம் வைத்திருப்பவர்களுக்கும்தான் உண்மையான ஃபோர் வீல் வண்டி பயன்படும்.

சந்தையில் ‘எஸ்யூவி’ என்ற ஒரே பெயரில் இரண்டு வகை விற்கப்படுகிறது. ஹோண்டா சிஆர்-வி, நிசான் எக்ஸ்-டிரெயில், மஸ்டா சிஎக்ஸ்-5, புரோட்டோன் எக்ஸ்70 ஆகியவை கார் போன்ற கட்டமைப்பு கொண்டவை. இவற்றில் பல முன்சக்கர இயக்கம் மட்டுமே உள்ளவை. ஏடபிள்யூடி என்று இருந்தாலும், முன்சக்கரம் வழுக்கும்போது பின்சக்கரத்துக்குச் சிறிது சக்தியை அனுப்புவதுதான் அதன் வேலை. எக்ஸ்70 வண்டியில் 2018-இல் இறக்குமதியாக வந்தவற்றில் ஒரு வகைக்கு ஏடபிள்யூடி இருந்தது. வெளித்தோற்றத்தை வைத்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. கீழே குனிந்து, பின்சக்கரத்துக்குச் சுழல்தண்டு போகிறதா என்று பார்க்க வேண்டும். சுபாரு ஃபாரெஸ்டர் இந்தக் கூட்டத்தில் சற்று வேறுபட்டது. எல்லா வகையிலும் நான்கு சக்கர இயக்கமும் 220 மில்லிமீட்டர் உயரமும் உண்டு. உதிரிப் பாகங்களின் விலைதான் அதை வாங்குவோரை யோசிக்க வைக்கிறது.

இரண்டாம் வகை, லாரியைப் போல் தனிச் சட்டத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் வண்டிகள்: டொயோட்டா ஃபோர்ச்சூனர், மிட்சுபிஷி பஜேரோ ஸ்போர்ட், இசுசு எம்யூ-எக்ஸ், ஃபோர்டு எவரெஸ்ட். இவற்றின் 4x4 வகைகள் பலவற்றில் 2 எச், 4 எச், 4 எல் என்ற தேர்வு இருக்கும். 4 எல் என்பது வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் பல்சக்கர அமைப்பு. சேற்றுச் சரிவில் பிரேக்கைத் தொடாமல் எஞ்சினின் பிடியிலேயே மெதுவாக இறங்க உதவுவது அதுதான். ஆனால் இதே பெயர்களில் 4x2 வண்டிகளும் விற்பனையில் உள்ளன. விளம்பரத்தில் படம் கம்பீரமாக இருக்கும். உள்ளே ஏறிப் பார்த்தால் மாற்றும் குமிழே இருக்காது.

கைக்காசு குறைவாக உள்ளவர்களுக்கு இரண்டு உள்ளூர்ப் பெயர்கள். 1998-இல் வந்த பெரோடுவா கெம்பாரா, 1.3 லிட்டர் எஞ்சின் கொண்ட சிறிய வண்டி என்றாலும் நிரந்தர நான்கு சக்கர இயக்கம் உடையது. எடை குறைவு என்பதால் சேற்றில் பெரிய வண்டி புதையும் இடத்தையும் தாண்டிவிடும். இன்று வயது காரணமாகத் துருவும் ரப்பர்ப் பாகங்களின் தேய்மானமும்தான் அதன் எதிரி. 2019 ஜனவரியில் வந்த அருஸ், ஏழு பேர் அமரக்கூடிய, 220 மில்லிமீட்டர் உயரமுள்ள, பின்சக்கர இயக்க வண்டி. ஃபோர் வீல் அல்ல. பிள்ளைகளும் பாட்டியும் கூடாரமும் சேர்ந்து செடிம் போய் வர அது தாராளம்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டி

பழைய வண்டிச் சந்தையில் இன்று மிகப் பெரிய அபாயம் இதுதான். 2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடா உள்ளிட்ட பகுதிகள் நீரில் மூழ்கியபோது ஏராளமான வாகனங்கள் கூரை வரை நனைந்தன. அத்தகைய வண்டிகள் கழுவித் துடைக்கப்பட்டு, வேறு மாநிலத்துக்கு வந்து விற்பனைக்கு நிற்பது புதிதல்ல. கெடாவிலும் 2022 ஜூலை 4-ஆம் தேதி பாலிங், கூப்பாங் வட்டாரத்தைச் சேறும் மரக்கட்டைகளும் சேர்ந்த வெள்ளம் அடித்துச் சென்றது.

பார்க்கும் முறை எளிது, செலவு இல்லை. இருக்கைப் பட்டையைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். அடிப்பகுதியில் மண்ணிறக் கோடு இருந்தால் விலை பேசாமல் திரும்பி வரலாம். விற்பவர்கள் இருக்கைத் துணியை மாற்றுவார்கள், தரைவிரிப்பை மாற்றுவார்கள். பட்டையின் உட்பகுதியை யாரும் நினைப்பதில்லை. அடுத்து இருக்கை ஓடும் தண்டவாளத்தின் ஆணிகளில் துரு, மாற்றுச் சக்கரம் வைக்கும் குழியில் வண்டல், முகப்பு விளக்குக்குள் ஆவி, ஃபியூஸ் பெட்டியின் மூலைகளில் மண். வண்டிக்குள் வாசனைத் திரவியம் மூக்கைத் துளைத்தால் அதுவும் ஒரு தகவல்தான்.

செம்மண் தூசி வேறு கதை சொல்லும். கதவு ரப்பரின் மடிப்பிலும் காற்று வடிகட்டிப் பெட்டியிலும் சிவப்புப் பொடி படிந்திருந்தால் அந்த வண்டி தோட்ட வேலைக்கு ஓடியது. அது மட்டுமே குற்றமாகாது. ஆனால் தோட்ட வண்டிகள் குறைந்த கியரில், எஞ்சின் அணையாமல் மணிக்கணக்காக ஓடுபவை. மீட்டரில் 90,000 கிலோமீட்டர் என்று இருந்தாலும் எஞ்சினின் உழைப்பு அதைவிடக் கூடுதலாகவே இருக்கும். மீட்டரையே குறைத்து வைப்பவர்களும் உண்டு என்பதால், சேவைப் பதிவேட்டில் உள்ள எண்ணோடு ஒப்பிடாமல் மீட்டரை நம்ப வேண்டாம்.

ஃபோர் வீல் வேலை செய்கிறதா?

நகரத்தில் ஓடிய ஃபோர்ச்சூனர்களில் பல, வாங்கிய நாளிலிருந்து 4 எச் பக்கமே போகாதவை. பயன்படுத்தாமல் விட்டால் மாற்றும் மோட்டார் இறுகிவிடும். விற்பவரிடம் ‘எல்லாம் ஓகே’ என்ற பதில்தான் கிடைக்கும். புல்தரையோ கல்சாலையோ உள்ள இடத்துக்கு வண்டியைக் கொண்டுபோகச் சொல்லுங்கள். நேராக மெதுவாக ஓடும்போது 4 எச் போட்டால் மீட்டர்ப் பலகையில் விளக்குச் சிமிட்டி, பிறகு நிலையாக எரிய வேண்டும். நிறுத்தி, நியூட்ரலில் வைத்து 4 எல் போட்டுப் பார்க்க வேண்டும். விளக்குச் சிமிட்டிக்கொண்டே இருந்தாலோ கடகட சத்தம் வந்தாலோ பழுது. காய்ந்த தார்ச்சாலையில் இந்தச் சோதனையைச் செய்து வளைவு திருப்பக் கூடாது. இத்தகைய வண்டிகளில் பெரும்பாலானவற்றில் முன்னும் பின்னும் இறுக்கமாகப் பிணைந்துவிடுவதால் பாகங்கள் சேதமாகும்.

அதன்பின் தெரிந்த போமெனிடம் கொண்டுபோய் வண்டியைத் தூக்கிப் பார்ப்பது அவசியம். டிரான்ஸ்ஃபர் பெட்டியிலும் டிஃபரன்ஷியலிலும் உள்ள எண்ணெயைச் சிறிது எடுத்துப் பார்த்தால், பால் கலந்த காப்பியைப் போல் இருந்தால் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. சட்டத்தில் வெல்டிங் தழும்பு, புதிதாக அடித்த கறுப்புச் சாயம், கிழிந்த ரப்பர் உறைகள் ஆகியவற்றையும் அவர் ஒரே பார்வையில் கண்டுகொள்வார்.

எஞ்சினில் கேட்க வேண்டிய கேள்வி பெல்ட்டா, செயினா என்பது. ஃபோர்ச்சூனரின் பழைய 2.5 டீசலும் பஜேரோ ஸ்போர்ட்டின் 2.5 டீசலும் டைமிங் பெல்ட் உள்ளவை. கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்பதற்கு ரசீது இல்லையென்றால், மாற்றும் செலவை விலையிலிருந்து கழித்துப் பேச வேண்டும். ஓடும்போது அறுந்தால் எஞ்சினே போய்விடும். ஃபோர்ச்சூனரின் 2.7 பெட்ரோலும் எம்யூ-எக்ஸின் டீசலும் செயின் உள்ளவை.

டயரில் நூல் ஆழத்தை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 3519 என்றால் 2019-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரத்தில் தயாரானது. கட்டையாகத் தெரிந்தாலும் வயதான டயர் கல்பாதையில் பிளக்கும்.

டீசல் கணக்கு முன்பு போல் இல்லை. 2024 ஜூன் 10-ஆம் தேதி தீபகற்ப மலேசியாவில் டீசல் லிட்டருக்கு 2 ரிங்கிட் 15 சென்னிலிருந்து 3 ரிங்கிட் 35 சென்னுக்கு ஏறியது. மாதம் 1,500 கிலோமீட்டர் ஓடி, லிட்டருக்கு 10 கிலோமீட்டர் கிடைக்கும் வண்டிக்கு அந்த ஒரு நாளில் மாதச் செலவு 180 ரிங்கிட் கூடியது. இன்னொரு பக்கம், 2025 செப்டம்பர் 30 முதல் மலேசியக் குடிமக்களுக்கு ரோன்95 பெட்ரோல் 1 ரிங்கிட் 99 சென்னுக்குக் கிடைக்கத் தொடங்கியது. அதற்கு மாத அளவு வரம்பு உண்டு. டீசலின் இழுவைக்காக ஆசைப்படுபவர்கள் ஆண்டுக்கு எத்தனை நாள் காட்டுக்குப் போகிறார்கள், எத்தனை நாள் வேலைக்குப் போய் வருகிறார்கள் என்று எண்ணிப் பார்ப்பது நல்லது.

பத்திரங்களைப் பொறுத்தவரை, உரிமை மாற்றத்துக்கான பி5 சோதனை முக்கியமாக வண்டியின் அடையாளத்தைச் சரிபார்ப்பது. எஞ்சின் எண், சேசிஸ் எண் பொருந்துகின்றனவா என்பது அதில் தெரியும். ஃபோர் வீல் இயங்குகிறதா என்பது தெரியாது. பி5 தேறியதை வண்டியின் ஆரோக்கியச் சான்றாகக் காட்டும் விற்பனையாளரின் பேச்சை அந்த அளவுக்கே எடுத்துக்கொள்ள வேண்டும். வங்கிக் கடன் பாக்கி இருந்தால் உரிமைக் கோரிக்கை வங்கியின் பெயரில் இருக்கும். அது நீங்காமல் முன்பணம் கொடுப்பது ஆபத்து. உயர்த்திய சஸ்பென்ஷன், அளவுக்கு மீறிய டயர், முன்னால் பொருத்திய இரும்புக் கம்பித் தடுப்பு போன்ற மாற்றங்களுக்குச் சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதி இருக்கிறதா என்றும் கேட்க வேண்டும். சாதாரண முழுமைக் காப்புறுதி வெள்ளச் சேதத்துக்குப் பணம் தராது. இயற்கைப் பேரிடருக்கான கூடுதல் காப்பைத் தனியாகச் சேர்க்க வேண்டும்.

முகாமில்

கூரைக் கூடாரம் இப்போது மோகமாகிவிட்டது. ஓடும் வண்டியின் கூரை தாங்கும் எடை பெரும்பாலும் 75 முதல் 100 கிலோவுக்குள்தான். கூடாரமே 50, 60 கிலோ இருக்கும். அதன் மேல் நாற்காலியும் அடுப்பும் ஏற்றினால், ஜெராய் மலைச்சாலையின் வளைவுகளில் வண்டி தள்ளாடும். எஞ்சினை ஓடவிட்டுக் குளிரூட்டியுடன் வண்டிக்குள் உறங்குவது உயிரைப் பறிக்கும் பழக்கம். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை.

எவரெஸ்ட் 800 மில்லிமீட்டர், ஃபோர்ச்சூனர் 700 மில்லிமீட்டர் ஆழ நீரில் இறங்கலாம் என்று தயாரிப்பாளர்கள் சொல்வது நின்ற நீருக்கு. ஓடும் நீர் முழங்கால் அளவிலேயே வண்டியைத் தள்ளிவிடும். 2021 ஆகஸ்ட் 18-ஆம் தேதி ஜெராய் மலையில் பெய்த மழை திடீர் வெள்ளமாக இறங்கி யான், மெர்போக் வட்டாரங்களில் உயிர்களைக் கொண்டுபோனது. மலாய்க்காரர்கள் ‘கெப்பாலா ஆயர்’ என்று சொல்லும் இந்தப் பெருக்கு, கீழே வெயில் அடிக்கும்போதும் வரும். தெளிந்த நீர் திடீரெனக் கலங்குவது, இலையும் சுள்ளியும் மிதந்து வருவது, மேலிருந்து இரைச்சல் கேட்பது ஆகியவை அடையாளம். அப்போது கூடாரத்தையும் வண்டியையும் விட்டுவிட்டு, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏற வேண்டும். வண்டியை எப்போதும் வெளியேறும் திசை பார்த்து, ஆற்றை விட்டு உயரத்தில் நிறுத்தி வைப்பவர்களுக்கு அந்த நேரத்தில் ஒரு குழப்பம் குறையும்.

2022 டிசம்பர் 16-ஆம் தேதி பத்தாங் காலி முகாம் மண்சரிவில் 31 பேர் உயிரிழந்தனர். அந்த இடத்துக்கு முகாம் நடத்தும் உரிமம் இருக்கவில்லை. எனவே முன்பதிவு செய்யும்போதே உரிமம் பற்றிக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். வனக் காப்பகங்களுக்குள் நுழைய வனத்துறை அனுமதி வேண்டும். உலு மூடா காட்டுக்கு எந்த எஸ்யூவியும் உதவாது. குபிர் படகுத்துறையில் வண்டியை நிறுத்திவிட்டுப் படகில்தான் போக வேண்டும். தோட்டச் சாலைகள் நிறுவனத்தின் சொத்து. திருவிழா நாளில் வாயில் திறந்திருக்கும். மற்ற நாள்களில் அலுவலகத்தில் முன்கூட்டியே சொல்லி அனுமதி வாங்க வேண்டும். சீக், பாலிங் பக்கத் தோட்டங்களில் மாலைக்கு மேல் யானை இறங்கும் பாதைகள் எவை என்பதையும் அங்குள்ள காவலாளியிடம் கேட்டுக்கொள்ளலாம்.