சிற்றூர்களின் சுகாதாரப் புள்ளிவிவரங்கள்: தனியுரிமை, துல்லியம், பொதுப் பயன்பாடு

மருத்துவப் பரிசோதனையின்போது நீங்கள் அளிக்கும் விவரங்கள் இரு வகையில் பயன்படுகின்றன. ஒன்று, உங்களுக்கான சிகிச்சை. மற்றொன்று, பொதுமக்கள் பார்வைக்கு வெளியிடப்படும் புள்ளிவிவரம். சிகிச்சைக்கு உங்கள் பெயர் தேவை, புள்ளிவிவரத்திற்குத் தேவையில்லை. எனினும், சேர்வராயன் மலையிலுள்ள கொட்டச்சேடு போன்ற சிற்றூர்களில் பெயரை நீக்குவது மட்டுமே ஒருவரின் அடையாளத்தைக் காப்பாற்றிவிடாது. அதனால்தான் சில எண்கள் வெளியிடப்படுவதில்லை.

பெயரை நீக்கினால் போதாதா?

ஒரு கற்பனை எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஒரு மலைக்கிராமத்தின் அட்டவணையில் "பெண், வயது 20–24, அரிவாள் செல் இரத்தசோகை: 1" என்று உள்ளது. வெளியூரார் ஒருவருக்கு இது வெறும் எண். அவ்வூராருக்கோ அது யார் என்பது உடனே விளங்கிவிடும். அப்பெண்ணின் திருமணப் பேச்சையும் குடும்பத்தின் மன அமைதியையும் அந்த ஓர் எண் பாதிக்கக்கூடும்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1990களில் அரசு ஊழியர்களின் மருத்துவப் பதிவுகள் பெயர் நீக்கப்பட்டு ஆய்வாளர்களுக்கு வழங்கப்பட்டன. பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு ஆகிய மூன்றையும் வாக்காளர் பட்டியலுடன் ஒப்பிட்டு, அம்மாநில ஆளுநரின் பதிவையே லதான்யா ஸ்வீனி என்ற ஆய்வாளர் கண்டறிந்தார்.

சட்டப் பாதுகாப்பு

• மக்கள்தொகைக் கணக்கெடுப்புச் சட்டம், 1948: கணக்கெடுப்பில் ஒருவர் அளித்த விவரங்களைப் பிறர் பார்வையிட முடியாது.
• எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் (தடுப்பு மற்றும் கட்டுப்பாடு) சட்டம், 2017: ஒருவரின் எச்.ஐ.வி. நிலையை அவரது ஒப்புதலின்றி வெளியிடுவதை இச்சட்டம் தடை செய்கிறது. விதிவிலக்குகளுள் ஒன்று புள்ளிவிவரம். அதுவும் அவரை அடையாளம் காட்டாததாக இருக்க வேண்டும்.
• தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005: அரசிடமுள்ள தகவல்களைக் குடிமக்கள் கேட்டுப் பெறலாம். தனிநபர் தகவல்களுக்கு இதில் விலக்கு உண்டு.

எண்கள் எவ்வாறு காக்கப்படுகின்றன?

2019–21 ஆண்டுகளில் நடைபெற்ற ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வில் பின்வரும் முறைகளைக் காணலாம்.

• 25 பேருக்கும் குறைவானவர்களை அடிப்படையாகக் கொண்ட விழுக்காடு வெளியிடப்படுவதில்லை. அவ்விடத்தில் நட்சத்திரக் குறி இருக்கும். 25 முதல் 49 பேர் வரை என்றால் எண் அடைப்புக்குறிக்குள் தரப்படும். சிறு எண்ணிக்கையிலிருந்து கணக்கிடும் விழுக்காடு நம்பத்தக்கதன்று என்பதே இதற்குக் காரணம்.
• ஆய்வாளர்களுக்கு வழங்கப்படும் தரவில் ஆய்வு நடந்த இடம் வேண்டுமென்றே சற்று நகர்த்திக் காட்டப்படும்: நகர்ப்புறத்தில் 2 கி.மீ. வரை, கிராமப்புறத்தில் 5 கி.மீ. வரை. கிராமப்புற இடங்களில் நூற்றில் ஒன்று 10 கி.மீ. வரை நகர்த்தப்படும்.

ஓர் எண்ணை மட்டும் மறைப்பதும் போதாது. ஐந்து ஊர்களின் கூட்டுத்தொகையும் நான்கு ஊர்களின் எண்களும் தரப்பட்டால், ஐந்தாவது ஊரின் எண்ணைக் கழித்தல் கணக்கிலேயே கண்டுபிடித்துவிடலாம். ஆகவே, இன்னோர் ஊரின் எண்ணையும் சேர்த்து மறைக்க நேரிடுகிறது.

இதனால் நேரும் இழப்பு

பாதுகாப்புக்கு ஒரு விலை உண்டு. மேற்கண்ட ஆய்வு மாவட்ட அளவு வரை மட்டுமே மதிப்பீடுகளைத் தருகிறது. சேலம் மாநகரமும் சமவெளி ஊர்களும் ஏற்காட்டு மலைக்கிராமங்களும் ஒரே சராசரியில் அடங்கிவிடுகின்றன. மலையில் ஒரு நோய் மிகுதியாக இருந்தாலும் மாவட்ட எண்ணில் அது தெரியாமல் போகலாம். இடத்தை 5 கி.மீ. நகர்த்துவதும் சமவெளியில் பெரிய மாற்றமாகத் தோன்றாது. மலையிலோ அது அடிவாரத்தையே குறித்துவிடக்கூடும்.

அரிவாள் செல் இரத்தசோகை இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. 2023 ஜூலை 1 அன்று தொடங்கப்பட்ட தேசிய ஒழிப்பு இயக்கம், தமிழ்நாடு உட்பட 17 மாநிலங்களில் பழங்குடியினர் வாழும் பகுதிகளில், 40 வயது வரையுள்ள 7 கோடிப் பேரைப் பரிசோதிப்பதை இலக்காகக் கொண்டது. தாய், தந்தை இருவரும் இந்நோய்க்கான மரபணுவைத் தாங்கிய கடத்துநர்களாக இருந்தால், ஒவ்வொரு கருத்தரிப்பிலும் குழந்தைக்கு நோய் வர 25% வாய்ப்பு உண்டு. எனவே, எப்பகுதியில் கடத்துநர்கள் மிகுதி என்பது திட்டமிடுவோருக்குத் தெரிந்தாக வேண்டும். யார் கடத்துநர் என்பது ஊருக்குத் தெரிய வேண்டியதில்லை.

இரண்டையும் ஒருங்கே காக்கும் வழிகள் உள்ளன. பல ஊர்களைச் சேர்த்து வட்டார அளவில் வெளியிடலாம். ஓராண்டுக்குப் பதிலாகச் சில ஆண்டுகளின் எண்களைக் கூட்டித் தரலாம். விரிவான தரவை, நிபந்தனைகளை ஏற்கும் ஆய்வாளர்களுக்கு மட்டும் வழங்கலாம்.

நோயாளிகளும் பராமரிப்பாளர்களும் கவனிக்க வேண்டியவை

• அட்டவணையில் நட்சத்திரக் குறியோ வெற்றிடமோ இருந்தால், "இங்கு நோய் இல்லை" என்று பொருள் கொள்ளாதீர்கள். அறிகுறி இருந்தால் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.
• சிறிய ஊரின் விழுக்காட்டைக் கண்டு அஞ்ச வேண்டாம். 20 பேரில் ஒருவருக்கு நோய் என்றால் 5%. இன்னொருவர் சேர்ந்தால் அதுவே 10% ஆகிவிடும்.
• வெளியீட்டில் எண் மறைக்கப்பட்டாலும் உங்கள் சிகிச்சை நிற்காது. சிகிச்சைப் பதிவேடு வேறு, பொது அட்டவணை வேறு. காசநோய்க்கான நிக்ஷய் பதிவில் பெயர் கேட்கப்படுவது, சிகிச்சையைத் தொடர்ந்து கண்காணிப்பதற்காகவே.
• விவரம் கேட்கும்போது, "இது எதற்காக? யார் பார்ப்பார்கள்?" என்று கிராம சுகாதாரச் செவிலியரிடம் கேட்கலாம். அது உங்கள் உரிமை.
• உங்கள் பரிசோதனை முடிவை உறவினருக்கோ அண்டை வீட்டாருக்கோ காட்ட வேண்டிய கட்டாயம் இல்லை. பராமரிப்பாளர்களும் நோயாளியின் இசைவின்றி அதைப் பிறரிடம் பகிரக்கூடாது.
• அச்சத்தால் வயதையோ ஊரையோ நோயையோ மாற்றிச் சொல்லாதீர்கள். தவறான விவரம் உங்கள் சிகிச்சையைப் பாதிக்கும். உங்கள் ஊருக்கு வரவேண்டிய மருந்தையும் மருத்துவ வசதியையும் குறைத்துவிடும். தயக்கம் இருப்பின், தனியாகப் பேச வேண்டும் என்று ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் கேளுங்கள்.