கணினி வீழ்ச்சியும் பிழையறிவிப்பும்: ஒரு வரலாற்று நோக்கு

இயங்கிக்கொண்டிருக்கும் கணினி பெரும்பிழையொன்றினால் திடீரெனச் செயலிழக்குமிடத்து, தன் வீழ்ச்சிக்குக் காரணம் இன்னதெனச் சில சொற்களையோ எண்களையோ காட்டிவிட்டு ஓய்வது வழக்கம். இவ்வறிவிப்பினை வெளியிடுவது கணினியின் உறுப்புகள் யாவற்றையும் ஆளும் பணிசெயல் முறைமையாகும். அறிவிப்பு யாரை நோக்கிக் கூறப்படுகின்றது என்னும் வினாவே அதன் வரலாற்றைத் தெளிவுறுத்த வல்லது.

தொடக்கத்திலே கணினி வல்லுநர் கையில் மட்டும் இருந்தது. நினைவகம் சிறு காந்த வளையங்களால் ஆக்கப்பட்டிருந்த அக்காலத்தில், இயந்திரம் வீழ்ந்ததும் நினைவகத்தின் உள்ளடக்கம் எண்களாகத் தாளில் அச்சிடப்பட்டது. வல்லுநர் அதனைப் பக்கம் பக்கமாக ஆராய்ந்து பிழையைக் கண்டனர்.

1960களில் மசாச்சூசெற்சுத் தொழினுட்பக் கழகமும் பெல் ஆய்வுகூடமும் ஜெனரல் இலெக்றிக் நிறுவனமும் கூடி 'மல்ற்றிக்ஸ்' என்னும் முறைமையை ஆக்க முற்பட்டன. தாம் அதற்கென எழுதிய நிரலிற் பாதியளவு பிழையிலிருந்து மீள்வதற்கே ஆயிற்று என அதனை ஆக்கியோருள் ஒருவரான ரொம் வான் விளெக் கூறியுள்ளார். 1969இல் பெல் ஆய்வுகூடம் அம்முயற்சியினின்றும் விலகிற்று. பின்னர் ஆங்கு கென் தொம்சனும் டெனிஸ் றிச்சியும் 'யூனிக்ஸ்' முறைமையைப் படைத்தனர். மீட்சிக்குரிய பகுதிகளையெல்லாம் தாம் விட்டுவிட்டதாகவும், பெரும்பிழை நேரின் 'பானிக்' என்னும் சிறுநிரல் இயந்திரத்தை நிறுத்திவிடும் எனவும், அப்போது தாழ்வாரத்தில் நின்று குரல் கொடுத்தால் ஒருவர் அதனை மீளத் தொடக்குவார் எனவும் றிச்சி வான் விளெக்கிடம் விளக்கினார். ஆக்கியோரும் பயன்படுத்துவோரும் ஒரே கட்டடத்தில் இருந்தமையின் ஒரு குரலே போதுமாயிற்று.

கணினி வீடுகளுட் புகுந்தபோது அத்தாழ்வாரம் மறைந்தது. 1984இல் வெளிவந்த மக்கின்ரோஷ் கணினி, சூசன் கெயார் வரைந்த வெடிகுண்டுப் படத்தோடு வருத்தந் தெரிவித்தது. 1985இல் வந்த அமிகா, கருந்திரையிற் செந்நிறக் கட்டமிட்டு இரு எண்களைக் காட்டிற்று. 1993இல் வெளியான விண்டோஸ் என்.ரி. 3.1 நீலத்திரை முழுவதையும் குறியெண்களாலும் முகவரிகளாலும் நிரப்பிற்று. பொறியியலாளருக்கு அது பெருந்துணை. ஏனையோருக்கோ விளங்காத எழுத்து.

இக்குறையை நீக்க எழுந்த முயற்சி எதிர்ப்புறத்தே மிகுந்தது. 2002இல் மக் முறைமையின் 10.2 ஆம் பதிப்பு, கணினியை மீளத் தொடக்குமாறு நான்கு மொழிகளிற் பணித்தது. காரணத்தைத் திரையிற் கூறவில்லை. 2012இல் விண்டோஸ் 8 துயரமுகக் குறியையும் ஓரிரு வாக்கியங்களையும் ஒரு பிழைப்பெயரையும் மட்டுமே காட்டிற்று. 2016இல் கியூஆர் குறியீடு அதனோடு சேர்ந்தது. விரிவான சான்றுகள் வட்டிலுள்ள கோப்புகளில் ஒதுங்கின.

திரையில் நிற்கும் ஒரு வரியின் பெறுமதியை 2024 யூலை 19ஆம் நாள் உணர்த்திற்று. கிரவுட்ஸ்ட்றைக் என்னும் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையான கோப்பினால் ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் வீழ்ந்தன. 78 நிமிடங்களில் அக்கோப்பு மீளப்பெறப்பட்டபோதும், வீழ்ந்து மீண்டும் மீண்டும் தொடங்கிய இயந்திரங்களுக்குத் திருத்தம் எட்டவில்லை. விமான நிலையங்களிலும் மருத்துவமனைகளிலும் பணியாளர் ஒவ்வொரு கணினியாகச் சென்று கோப்பை நீக்க நேர்ந்தது. அந்நிறுவனத்துக் கோப்பொன்றின் பெயரை நீலத்திரை காட்டியமை, காரணத்தை விரைந்து அறியத் துணைபுரிந்தது.

2025இல் மைக்ரோசொப்ட் நிறுவனம் நீலத்திரையைக் கருந்திரையாக்கித் துயரமுகத்தையும் கியூஆர் குறியீட்டையும் அகற்றிற்று; பிழைக் குறியெண்ணையும், காரணமான கோப்பின் பெயரையும் நிலைநிறுத்திற்று. அறிவிப்பு எளிமையாதல் நன்று. ஆயின் எளிமையின் பொருட்டுக் காரணத்தை மறைத்தல் தகாது. குரல் கொடுக்கத் தாழ்வாரமற்ற ஒருவனுக்குத் திரையிலுள்ள அவ்வொரு வரியே துணையாகும்.