எந்த டிரைவர் உள்ளே, எது வெளியே? - லினக்ஸ் கெர்னலின் கதை

1991 ஆகஸ்டில் ஹெல்சின்கி பல்கலைக்கழக மாணவர் ஒருவர், பொழுதுபோக்காக ஓர் இயங்குதளம் எழுதிவருவதாக இணையத்தில் அறிவித்தார். பெயர் லினஸ் டோர்வால்ட்ஸ், வயது 21. தன்னிடம் இருக்கும் ஏடி வகை வன்தட்டைத் தவிர வேறெதுவும் அதில் ஒருபோதும் வேலை செய்யாமல் போகலாம் என்றும் முன்கூட்டியே சொல்லிவைத்தார்.

செப்டம்பரில் வந்த 0.01 பதிப்பும் அப்படித்தான் இருந்தது. 386 செயலி, ஏடி வன்தட்டு, பின்லாந்து விசைப்பலகை. அவ்வளவுதான்! டிரைவரைத் தேர்ந்தெடுக்க மெனு கிடையாது. வேறு அளவு வன்தட்டு வைத்திருந்தவர் நிரல் கோப்பைத் திறந்து, தானே மாற்றி எழுதி, கம்பைல் செய்ய வேண்டும்.

பிறகு பல நாட்டுக்காரர்களும் தத்தம் கார்டுகளுக்கு டிரைவர் எழுதி அனுப்பத் தொடங்கினார்கள். புதுச் சிக்கலும் கூடவே வந்தது. கெர்னலோடு சேர்த்துக் கட்டிய டிரைவர், கணினி ஓடும்வரை நினைவகத்தை விட்டு நகராது. 4 எம்பி நினைவகமே பெரிதாக இருந்த காலத்தில், இல்லாத கார்டுக்கு டிரைவர் எதற்கு? எனவே 'மேக் கான்ஃபிக்' கட்டளை ஒவ்வொன்றாகக் கேள்வி கேட்டது: இது வேண்டுமா, வேண்டாமா? வன்தட்டு டிரைவருக்குத் தவறி 'வேண்டாம்' என்றால் அந்தக் கெர்னலில் கணினி எழும்பவே எழும்பாது.

1.2 (1995), 2.0 (1996) பதிப்புகளில் மாட்யூல் முறை நிலைபெற்றது. டிரைவர் தனிக் கோப்பாக வன்தட்டில் கிடக்கும், தேவைப்பட்டால் மட்டும் நினைவகத்துக்கு வரும். ஆனால் வன்தட்டைப் படிக்கும் டிரைவரே வன்தட்டில் கிடந்தால்? பெட்டிக்குள் சாவியை வைத்துப் பூட்டிய கதைதான்! இதற்காகவே, துவக்கத்தில் கெர்னலோடு சேர்ந்து ஏறும் 'இனிட்ஆர்டி' என்ற சிறு தற்காலிக வட்டு வந்தது.

அதன்பின் ரெட் ஹேட், டெபியன் போன்ற வெளியீடுகள் பெரும்பாலான டிரைவர்களை மாட்யூல்களாகக் கட்டியே கொடுத்தன. பயனர் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் வேலை குறைந்தது. 2009 டிசம்பரில் வந்த 2.6.32 பதிப்பில், அப்போது ஏறியிருக்கும் மாட்யூல்களை மட்டும் பார்த்துப் பட்டியல் போடும் 'லோக்கல்மாட்கான்ஃபிக்' வசதியும் சேர்ந்தது.

ஆனால் எதை நீக்குவது என்பதை மனிதர்தான் முடிவு செய்ய வேண்டும். பழைய வன்பொருளுக்கான நிரல் சும்மா கிடப்பதில்லை. சுற்றியுள்ள நிரல் மாறும்போதெல்லாம் யாராவது அதையும் திருத்த வேண்டும். இந்தச் சுமையைக் காட்டி, 2012 டிசம்பரில் 386 செயலிக்கான ஆதரவை இங்கோ மோல்னார் நீக்கினார், டோர்வால்ட்ஸும் தயங்காமல் ஏற்றுக்கொண்டார். 2013 பிப்ரவரியில் வந்த 3.8 பதிப்பிலிருந்து, லினக்ஸ் பிறந்த கணினியிலேயே புதிய லினக்ஸ் ஓடாது!